பழைய செவ்ரோலெட் பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக்: நான்கு வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவுகளும்

1947-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 1955-இன் தொடக்கம் வரை செவ்ரோலெட் தயாரித்த ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையின் அரை டன் பிக்கப்பான 3100, அமெரிக்காவில் இன்றும் ஆர்வலர்கள் விரும்பி வாங்கிப் புதுப்பிக்கும் பழைய வண்டிகளுள் ஒன்று. எஞ்சினை ஓட வைத்து, பெயிண்ட் அடித்து, முதல் தடவையாக நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனவர்கள் திரும்பி வந்ததும் கேட்பது பெரும்பாலும் பிரேக்கைப் பற்றித்தான். இருக்கிற டிரம் பிரேக்கையே சீர்செய்து ஓட்டுவதா, முன்சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் போடுவதா, நான்கு சக்கரங்களுக்கும் போடுவதா, அல்லது முன் ஆக்சிலையே கழற்றிவிட்டுப் புதிய சஸ்பென்ஷனோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றுவதா என்ற குழப்பத்தில் மாதக்கணக்கில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்திருப்பவர்கள் பலர்.

டிரம்மைவிட டிஸ்க் நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மாற்றுப் பாகத் தொகுப்பான கிட்டை வாங்கப் போகிறவர், வண்டியின் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறார். இந்த வண்டியில் முதலில் மாற்ற வேண்டியது சக்கரத்தில் இருக்கும் டிரம் அல்ல, ஓட்டுநரின் காலடியில் தரைக்குக் கீழே இருந்து, மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கருத்தை ஒட்டியே செல்கிறது.

## வண்டியில் இப்போது இருப்பது என்ன

3100-இல் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். 1950 வரையிலான வண்டிகளில் ‘ஹக்’ வகை பிரேக் இருந்தது. 1951 முதல் ‘பெண்டிக்ஸ்’ வகை வந்தது. பெண்டிக்ஸ் வகையில் டிரம் சுழலும் வேகமே, அதன் உட்புறத்தை அழுத்தும் இரண்டு வளைந்த ஷூக்களில் ஒன்றை இழுத்து, அந்த ஷூ மற்றொன்றைத் தள்ளி, ஓட்டுநர் கொடுத்த அழுத்தத்தைத் தானாகவே பெருக்கிக்கொள்ளும். கால் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமலேயே சுமார் 1,450 கிலோ எடையுள்ள வண்டியை ஒரு கால் நிறுத்த முடிந்ததற்கு இதுதான் காரணம்.

இவை எல்லாவற்றுக்கும் ஆயில் அனுப்புவது ஒரே அறையும் ஒரே வழியும் கொண்ட மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஷூக்களைத் தள்ளும் ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தால், அல்லது பின் ஆக்சிலை ஒட்டிப் போகும் துருப்பிடித்த குழாயில் ஊசித்துளை விழுந்தால், நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே மிதியில் போய்விடும். அமெரிக்கக் கார்களில் முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று என இரண்டு தனி அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டர் பொதுவாக வந்தது 1967 மாடலிலிருந்துதான். அதற்கு முன்பு செய்யப்பட்ட இப்படிப்பட்ட வண்டியை ஓட்டுபவர், கைப்பிரேக்கை நம்பித்தான் ஓட்டுகிறார் என்று சொன்னால் அது மிகையல்ல.

இன்னொரு உண்மையும் உண்டு. 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், ஏறக்குறைய 90 குதிரைத்திறன், 4.11 பின் ஆக்சில் விகிதம் என்ற இந்தச் சேர்க்கை மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் நிம்மதியாக ஓடுவதற்காக அமைந்தது. எஞ்சினை மாற்றி 100 கிலோமீட்டரில் ஓட்டத் தொடங்கினால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் அது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ‘பழைய பிரேக் போதுமா’ என்பதற்கு விடை பிரேக்கில் மட்டும் இல்லை, ஓட்டுபவர் வண்டியை எந்த வேகத்தில் ஓட்டப்போகிறார் என்பதிலும் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், ஒரு பாகம் பழுதானால் மீதி பிரேக் வேலை செய்யுமா என்பது. இதற்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

இரண்டாவது வெப்பம். மலைப்பாதை இறக்கத்தில் மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகிறது, பெடல் மேலும் மேலும் கீழே இறங்குகிறது. டிஸ்க்கோ சூடேறித் தடிக்கும்போது இருபுறமும் அதைக் கவ்வும் பேடை நோக்கியே வருகிறது, அதோடு காற்று நேரடியாகப் பட்டு விரைவில் ஆறுகிறது. மூன்றாவது நேராக நிற்பது: மழைநீர் புகுந்த டிரம் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும், தன்னழுத்தத்தைப் பெருக்கும் அமைப்பு அந்த வேறுபாட்டையும் சேர்த்தே பெருக்கிவிடும்.

நான்காவது, அந்த மாற்றம் இழுத்துக்கொண்டு வரும் மற்ற மாற்றங்கள். விலைப்பட்டியலில் தெரியாத செலவு முழுவதும் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஐந்தாவது, வேண்டுமானால் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா என்பதும், பதிவுச் சட்டம் இடம் கொடுக்குமா என்பதும்.

நிறுத்தும் தூரத்தைத் தனி அளவுகோலாக நான் வைக்கவில்லை. சரியாகச் சீர்செய்த டிரம்மும் ஒருமுறை அழுத்தி மிதித்தால் குறுகிய 16 அங்குல டயரை வழுக்கச் செய்துவிடும். அதற்கு மேல் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். குறுக்கிழை அடுக்குகளால் ஆன பழைய வகை டயரை ரேடியலுக்கு மாற்றாமல், டிஸ்க் கிட் மட்டும் போட்டுவிட்டுத் தூரம் குறையவில்லை என்று குறைப்படுவதில் பொருள் இல்லை.

## முதல் வழி: டிரம்மைச் சீர்செய்து, இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருத்துவது

செலவு குறைவு, உழைப்பு அதிகம். 11 அங்குல டிரம்மைக் கடைந்து சமப்படுத்தலாம், ஆனால் விட்டம் மூல அளவைவிட 0.060 அங்குலத்துக்கு மேல் கூடிவிட்டால் அந்த டிரம் பழைய இரும்புக்குத்தான் போகும். எழுபது ஆண்டுகளில் எத்தனை பட்டறைகள் கடைந்திருக்கும் என்பது தெரியாது என்பதால், அளக்காமல் லைனிங் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) வாங்கக் கூடாது. கடைந்து பெரிதான டிரம்மில் புதிய ஷூ நடுப்பகுதியில் மட்டும் தொடும். ஷூவின் வளைவை டிரம்மின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்துக் கொடுக்கும் பட்டறைகள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் ஆபத்து தெரிந்த பிறகு அருகிப்போய்விட்டன. பழைய லைனிங்கைக் கழற்றும்போது டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, நனைத்துத் துடைத்து எடுக்க வேண்டும்.

பெண்டிக்ஸ் பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள இரண்டு ஷூக்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. லைனிங் நீளம் குறைந்த ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்தும், நீளமானது பின்பக்கம் பார்த்தும் இருக்க வேண்டும். இரண்டு நீளமானவற்றை இடப்பக்கத்திலும் இரண்டு குட்டையானவற்றை வலப்பக்கத்திலும் போட்டு மூடிவிட்டு, வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று ஸ்டியரிங்கை நோண்டுவது அடிக்கடி நடக்கும் கூத்து. தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியும் இந்த வண்டியில் இல்லை. லைனிங் தேயத் தேய நாமே கீழே படுத்து, பற்சக்கரத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, டிரம் லேசாக உரசும் வரை கொண்டுவந்து, பிறகு சற்றே தளர்த்த வேண்டும்.

1950 வரையிலான ஹக் பிரேக் என்றால் கதை வேறு. உதிரிபாகங்கள் கிடைப்பது அரிது, சரிசெய்யும் முறையும் பொறுமையைச் சோதிக்கும். அந்த வண்டிக்காரர்கள் ஹக்கைப் புதுப்பிப்பதைவிட, 1951 முதல் வந்த பெண்டிக்ஸ் பின்தட்டுகளை (ஷூக்கள் அமர்பவை) தேடி எடுத்துப் பொருத்துவது மேல்.

இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வண்டியில் கிளட்ச், பிரேக் ஆகிய இரு பெடல்களும் தொங்கும் தண்டையே பழைய மாஸ்டர் சிலிண்டரின் வார்ப்புத்தான் தாங்குகிறது, எனவே அதைக் கழற்றி எறிந்துவிட முடியாது. பழையதன் உள்பாகங்களை எடுத்துவிட்டு வெறும் கூடாக வைத்து, அதன் வழியே தள்ளுகம்பியைச் செலுத்தி, பின்னால் ஒரு தாங்கியில் புதியதைப் பொருத்துவது பரவலாகக் கையாளப்படும் வழி. பெடல்களுக்கும் சேர்த்துப் புதிய தாங்கி தரும் கிட்களும் கிடைக்கின்றன. இதோடு குழாய்கள் அனைத்தையும் புதிதாக இழுத்துவிட வேண்டும். செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. ஆனால் முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிடும்.

இதெல்லாம் செய்து முடித்த வண்டி, மணிக்கு 70–80 கிலோமீட்டருக்குள், சமவெளியில், சனி ஞாயிறுகளில் ஓடுவதற்கு முற்றிலும் போதுமானது. வெப்பத்திலும் மழையிலும் டிரம்முக்குரிய குறைகள் அப்படியே இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

## இரண்டாம் வழி: முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்னால் டிரம்

பெரும்பாலோர் வந்து சேரும் வழி இது; சேர்வதும் சரிதான். மூல முன் ஆக்சிலும், சக்கரம் சுழலும் தண்டான ஸ்பிண்டிலும் அப்படியே இருக்க, டிரம்மின் பின்தட்டு இருந்த போல்ட் துளைகளிலேயே ஒரு தாங்கி அமர்கிறது. அதன்மேல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பிற்கால வண்டிகளில் வந்த, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரும், ஆறு போல்ட் துளைகள் கொண்ட டிஸ்க்கும் வருகின்றன. மூல வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த குண்டு பேரிங்குகளுக்குப் பதிலாகச் சாய்ந்த உருளை பேரிங்குகள் வருவது கூடுதல் ஆதாயம். வெல்டிங் எதுவும் தேவையில்லை, பழைய பாகங்களைப் பெட்டியில் கட்டி வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் பொருத்தலாம். பேட், காலிப்பர் இரண்டும் எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைப்பவை, ஆனால் எந்த வண்டியின் எந்த ஆண்டுப் பாகம் என்ற பட்டியலைக் கிட் விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பத்து ஆண்டு கழித்துத் தேய்ந்த பேடைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்க நேரும்.

கிட்டின் விலை சில நூறு டாலரில் தொடங்கும். ஆனால் வேலை முடியும்போது கணக்கு அதைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டிருந்தால் வியப்பதற்கில்லை. எங்கே போகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பெடலின் கணக்கு. டிஸ்க்குக்குத் தன்னழுத்தத்தைப் பெருக்கிக்கொள்ளும் குணம் கிடையாது. கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். ஆகவே அதற்கு டிரம்மைவிடக் கூடுதல் ஆயில் அழுத்தம் வேண்டும், வண்டியை வேகமாக நிறுத்தச் சதுர அங்குலத்துக்கு 900 பவுண்டுக்கு மேல் தேவைப்படலாம். பெடல் விகிதம் 6-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். காலால் 100 பவுண்டு விசை கொடுத்தால் தள்ளுகம்பியில் 600 பவுண்டு வரும். ஒரு அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 0.785 சதுர அங்குலம் என்பதால் அழுத்தம் 764 பவுண்டு. விட்டத்தை 7/8 அங்குலமாகக் குறைத்தால் ஏறக்குறைய 1,000 கிடைக்கும். 1 1/8 அங்குலமாகக் கூட்டினால் 604-ஆகக் குறையும். பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நம்பி வாங்குபவர்கள், கால் வலிக்க மிதித்தும் வண்டி நிற்காததன் காரணம் இதுதான். சிறியதாக வாங்கினால் வேறு சிக்கல்: பெரிய காலிப்பரை நிரப்பப் பெடல் நீண்ட தூரம் இறங்க வேண்டும். இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் பூஸ்டர் தேவைப்படுகிறது.

பூஸ்டர். தரைக்கு அடியில் இடம் குறைவு என்பதால் 7 அங்குல விட்டத்தில் இரட்டைத் தகடு கொண்ட பூஸ்டரே பொதுவாக நுழையும். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினின் எக்ஸ்ஹாஸ்ட் இடப்பக்கம், அதாவது அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் பக்கமே இறங்குவதால், குழாய்க்கும் பூஸ்டருக்கும் நடுவே ஒரு வெப்பத்தடுப்புத் தகடு வைக்க வேண்டியிருக்கலாம். பூஸ்டருக்கு விசை தருவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம்; அது பாதரசத்தில் ஏறக்குறைய 18 அங்குலம் இருந்தால் பூஸ்டர் ஒழுங்காக உதவும். மூல எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் கிடைத்துவிடும். பந்தயக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் வைத்திருப்பவர்கள் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

மீத அழுத்த வால்வு. கூரைக்கு மேல் தொட்டி வைத்தால் தண்ணீர் கீழே வரும், கிணற்றில் இருந்தால் வராது என்பது போன்ற கணக்குதான் இதுவும். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், நிறுத்தி வைத்த வண்டியில் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கி வடியும். மறுநாள் காலை முதல் மிதி வெறுமையாக இறங்கும். இதைத் தடுக்க டிஸ்க் குழாயில் 2 பவுண்டு வால்வும், டிரம் குழாயில் 10 பவுண்டு வால்வும் போட வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்து சக்கரம் சூடேறும். சில மாஸ்டர் சிலிண்டர்களில் டிரம்முக்கான வால்வு உள்ளேயே இருக்கும்; ஆயில் வெளியேறும் துளையில் மெல்லிய கம்பியை விட்டு மெதுவாக அழுத்தினால் ரப்பர் தட்டுப்படுகிறதா என்பது விரலுக்குத் தெரியும்.

சமன் வால்வு. காலியான பிக்கப்பின் பின்பகுதியில் எடையே இருக்காது. பின் டிரம் முன் டிஸ்க்கை முந்திப் பிடித்துவிட்டால், ஈரச் சாலையில் வண்டியின் வால் முன்னால் வந்துவிடும். முன்பக்க டிஸ்க்கைக் கணநேரம் காக்க வைத்தும், பின்பக்க அழுத்தத்தை அளவோடு நிறுத்தியும் தரும் கூட்டு வால்வு அவசியம். அடிக்கடி சுமை ஏற்றுபவர்களுக்குக் கைத்திருகால் சரிசெய்யும் வகை பொருத்தமாக இருக்கும். திறந்த, காலியான இடத்தில் ஈரத்தரையில் மிதித்துப் பார்த்து, முன்சக்கரம் முதலில் வழுக்கும் நிலையில் அதை நிறுத்த வேண்டும்.

சக்கரமும் கிங்பின்னும். பல கிட்களுக்கு 15 அங்குல டிஸ்க் பிரேக் சக்கரம் வேண்டும், மூல 16 அங்குலச் சக்கரத்தின் உட்புறம் காலிப்பரில் இடிக்கக்கூடும். சில கிட்கள் முன்சக்கரத்தை ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலமோ அதற்குச் சற்று மேலோ வெளியே தள்ளும். அகல டயர் போட்டிருந்தால் திருப்பத்தில் மட்கார்டை உரசும். முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் தேய்ந்து ஆடினால், ஒவ்வொரு பள்ளத்திலும் டிஸ்க் அசைந்து பேடைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த மிதியில் பெடல் ஆழமாக இறங்கும். டிரம்மில் வெளியே தெரியாமல் இருந்த தேய்மானம் டிஸ்க்கில் உடனே முகம் காட்டும். கிங்பின் மாற்றும் செலவைக் கிட் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இத்தனை இருந்தும் இரண்டாம் வழியே என் தேர்வு என்று சொல்வதற்குக் காரணம், நிறுத்தும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் பெரும்பாலான வேலையைச் செய்வது முன்பக்க பிரேக்தான். வெப்பமும் நீரும் தொல்லை தரும் இடமும் அதுவே. கொடுக்கும் பணம் சரியான சக்கரத்துக்குப் போகிறது.

## மூன்றாம் வழி: நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க்

சக்கரத்தின் இடைவெளி வழியே பார்க்க அழகாக இருக்கும். அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. காலியான பிக்கப்பின் பின்சக்கரம் நிறுத்துவதில் எடுத்துக்கொள்ளும் பங்கு சிறியது. அந்தச் சிறிய பங்குக்கு டிரம்மே போதும்.

கைப்பிரேக் இதில் பெரிய இடைஞ்சல். மூல வண்டியில் கேபிள் ஒன்று பின் டிரம்மின் ஷூக்களை இழுக்கிறது. டிஸ்க்குக்கு மாறினால் கைப்பிரேக் உள்ளடங்கிய காலிப்பர் தேட வேண்டும்; காடிலாக் எல்டோராடோவில் வந்த வகை இதற்காகவே பல கிட்களில் வருகிறது, ஆனால் அதன் உள்திருகை ஒழுங்காகச் சரிசெய்யாவிட்டால் பெடல் தாழ்ந்தே இருக்கும், சரிவில் வண்டியும் நிற்காது. மேலும் 1954 வரையிலான 3100-இல் எஞ்சின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டு ஒரு மூடிய குழாய்க்குள் ஓடி ஆக்சிலோடு ஒரே உடலாக இணைந்திருக்கிறது. பின் ஆக்சிலை வேறு வண்டியினதாக மாற்ற நினைப்பவர் கியர்பெட்டி, சுழல்தண்டு, ஸ்பிரிங் தாங்கிகள் என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருக்கும். எப்படியும் ஆக்சிலை மாற்றப்போகிறவர், டிரெய்லர் இழுத்து மலையேறி இறங்குகிறவர் ஆகிய இருவருக்கும் மட்டுமே இந்த வழியைச் சொல்வேன்.

## நான்காம் வழி: முன் சஸ்பென்ஷனையே மாற்றுவது

1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் II காரின் முன்பக்க அமைப்பைப் பின்பற்றிச் செய்த தனிச் சஸ்பென்ஷன் கிட்கள், பழைய பிக்கப் உலகில் மிகவும் பரவலானவை. செவ்ரோலெட் எஸ்-10 போன்ற பிற்காலச் சிறு பிக்கப்பின் சேஸிஸின் மேல் பழைய உடலைத் தூக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் டிஸ்க் பிரேக் தானாகவே வந்துவிடுகிறது. அதோடு பல்சட்ட ஸ்டியரிங், மெத்தென்ற ஓட்டம், நேர்கோட்டில் விலகாமல் போகும் குணம் ஆகியவையும் வருகின்றன.

இதை பிரேக் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டியையே வேறு வண்டியாக ஆக்கும் வேலை இது. சேஸிஸை அறுத்து, அச்சுக்கோட்டைத் துல்லியமாகக் குறித்து, குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை வெல்டிங் செய்ய வேண்டும். அதில் ஓர் அங்குலம் பிசகினாலும் சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காது. மோசமான வெல்டிங் என்றால் அது பிரேக் இல்லாததைவிட ஆபத்து. கிட்டும் கூலியும் சேர்ந்து பல ஆயிரம் டாலர் ஆகும். மஸ்டாங் II வழி அமைப்பு பெரும்பாலும் 4.5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட் கொண்டது, பின்னால் இருப்பதோ 5.5 அங்குல வட்டத்தில் ஆறு. முன்னும் பின்னும் ஒரே ஸ்டெப்னியை மாட்ட வேண்டுமானால் பின் ஆக்சிலும் மாற வேண்டும், சக்கரம் நான்கும் மாற வேண்டும். ஐந்து போல்ட்டில் தொடங்கிய செலவு வால் விளக்கு வரை போய் நிற்கும்.

சட்டமும் இங்கேதான் குறுக்கே வருகிறது. பிரிட்டனில் நாற்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு வருடாந்தரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ஆகியவற்றின் வகையை மாற்றினால் அது கணிசமான மாற்றமாகக் கருதப்படும்; பாதுகாப்பைக் கூட்டுவதற்கான மாற்றங்களுக்குத் தளர்வு இருக்கிறது. இந்தியாவில் 1928 முதல் பம்பாய் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இயங்கி, செவ்ரோலெட் லாரிகளைப் பூட்டி விற்றதால், அந்தக் காலத்துச் செவ்ரோலெட்டுகள் இங்கும் இருக்கின்றன. 2021-இல் வந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதிகள், ஐம்பது ஆண்டைக் கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட, சேஸிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் கணிசமாக மாற்றாத வண்டியை மட்டுமே ‘விஏ’ வரிசையில் ஏற்கின்றன. சேஸிஸை அறுத்த பிறகு அந்தப் பதிவை எதிர்பார்க்க முடியாது. போல்ட்டில் பொருத்திக் கழற்றக்கூடிய இரண்டாம் வழிக்கு இந்த அளவு சிக்கல் இல்லை என்றாலும், வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவதே முறை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டிரம் + இரட்டை மாஸ்டர் | முன் டிஸ்க் | நான்கும் டிஸ்க் | புதிய முன் சஸ்பென்ஷன் |
|---|---|---|---|---|
| முன்பக்கமோ பின்பக்கமோ பழுதானால் | மற்றது வேலை செய்யும் | மற்றது வேலை செய்யும் | மற்றது வேலை செய்யும் | இரட்டை மாஸ்டர் போட்டால் வேலை செய்யும் |
| தொடர் இறக்கத்தில் வெப்பம் | தளரும் | தாங்கும் | நன்றாகத் தாங்கும் | தாங்கும் |
| மழையில் | ஒரு பக்கம் இழுக்கலாம் | நேராக நிற்கும் | நேராக நிற்கும் | நேராக நிற்கும் |
| பராமரிப்பு | அடிக்கடி சரிசெய்தல் | பின்பக்கம் மட்டும் | கைப்பிரேக் தொல்லை | குறைவு |
| கூடவே மாறுபவை | குழாய்கள் | குழாய், வால்வு, பூஸ்டர், சக்கரம், கிங்பின் | இவற்றோடு கைப்பிரேக், சில வேளை ஆக்சில் | ஏறக்குறைய எல்லாமே |
| பழைய நிலைக்குத் திருப்புதல் | எளிது | எளிது | கடினம் | முடியாது |

## யாருக்கு எது

மூல நிலையில் காட்சிக்கு வைக்கும் வண்டி, ஊர்வலங்களுக்கும் பக்கத்து ஊருக்கும் மட்டும் போகிற வண்டி என்றால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹக் பிரேக் உள்ள 1950 வரையிலான வண்டியாக இருந்தால், பெண்டிக்ஸ் தட்டுகளைத் தேடும் செலவும் டிஸ்க் கிட்டின் செலவும் அருகருகே வந்துவிடும் என்பதால், மூலத்தன்மை முக்கியமில்லாதவர் நேராக இரண்டாம் வழிக்குப் போவதே மேல்.

நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளோடு ஈடுகொடுத்து ஓட்ட வேண்டும், மலைப்பகுதியில் வீடு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வழக்கம் ஆகிய எதுவாயினும் இரண்டாம் வழிதான். பணம் இப்போது கையில் இல்லையென்றால் கூட இதை இரண்டு தவணையாகச் செய்யலாம்: முதலில் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் புதிய குழாய்களும், அடுத்த ஆண்டு முன் டிஸ்க். ஆனால் மாஸ்டர் சிலிண்டரை வாங்கும்போதே பின்னால் வரப்போகும் டிஸ்க்குக்கு ஏற்ற வகையாக வாங்கி, டிரம்முக்கான வால்வைக் குழாயில் தனியாகப் போட வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே பாகத்தை இருமுறை வாங்க நேரும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, பழைய ஒற்றை மாஸ்டர் சிலிண்டரோடு டிஸ்க்கை இணைத்து ‘தற்காலிகமாக’ ஓட்டுபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. புதிய டிஸ்க்கும் பளபளக்கும் காலிப்பரும் இருந்தும் ஒரே ஒரு ரப்பர் வளையத்தை நம்பித்தான் அந்த வண்டி ஓடுகிறது.

வி8 எஞ்சினும் புதிய கியர்பெட்டியும் ஏற்கெனவே ஏறிவிட்ட, மூலத்தன்மையைப் பற்றி யாரும் கேட்கப்போகாத வண்டிக்கு நான்காம் வழி பொருந்தும். வெல்டிங்கில் தேர்ந்த பட்டறை கிடைத்தால் மட்டும்.

## பணம் கொடுப்பதற்கு முன்

சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் கைவைத்து அசைத்துப் பாருங்கள். ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் அசைத்தால், ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். காலிப்பருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இடைவெளியைக் காட்டும் காகித அச்சைக் கிட் விற்பவரிடம் கேட்டு வாங்கி, அட்டையில் வெட்டி, சக்கரத்துக்குள் வைத்துச் சுழற்றிப் பார்க்கலாம். பெடலின் அச்சிலிருந்து மிதிதட்டின் நடு வரையிலான தூரத்தை, அச்சிலிருந்து தள்ளுகம்பி வரையிலான தூரத்தால் வகுத்து உங்கள் வண்டியின் உண்மையான விகிதத்தைக் கண்டுகொள்ளுங்கள். பூஸ்டர் இல்லாமல் ஓட்ட 6-ஐ ஒட்டியும், பூஸ்டரோடு 4-ஐ ஒட்டியும் இருப்பது நல்லது.

ஆயிலையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். டாட் 3, டாட் 4 என்ற தர எண் கொண்ட பிரேக் ஆயில்கள் இரண்டும் ஈரத்தை உறிஞ்சும், பெயிண்டைத் தின்னும், ஆனால் எங்கும் கிடைக்கும். சிலிகான் வகையான டாட் 5 பெயிண்டைத் தொடாது, ஈரத்தை உறிஞ்சாது. ஆண்டில் பாதி நாள் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு அது உகந்தது, என்றாலும் அதில் நுண்குமிழிகள் எளிதில் தங்கிவிடுவதால் குழாயிலிருந்து ஏர் எடுக்கப் பொறுமை வேண்டும். டாட் 5-ஐ மற்ற இரண்டின் மேலோ, அவற்றை இதன் மேலோ ஊற்றக் கூடாது. மாற்றுவதாக இருந்தால் ரப்பர்களும் குழாய்களும் புதிதாக இருக்கும் இந்த ஒரு சமயத்தில்தான் மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியிலேயே இருக்கும் என்றால், ஆயில் அளவைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ரப்பர் விரிப்பைச் சுருட்டித் தரைமூடியைத் திறக்க வேண்டும். எவரும் அதை நெடுநாள் செய்வதில்லை. எஞ்சின் அறைச் சுவரில் தனியாக ஒரு ஆயில் டப்பாவைப் பொருத்தி அங்கிருந்து குழாய் இழுப்பதற்கான இணைப்புகளையும் அதே கிட்டோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.